புரத்தலும் பொருளாதாரமும்: ஒரு கிராம்புக் கதை

தமிழில் 'புரவலர்' என்பது உயர்ந்த சொல். புரத்தல் என்றால் காத்தல். காப்பவன் புரவலன், அவனை நாடி வருபவன் இரவலன். சங்கப் பாடல்களில் ஒரு பெரும்பகுதி இவ்விருவருக்கும் இடையே நிகழ்ந்த கொடுக்கல் வாங்கலின் பதிவு என்று சொன்னால் மிகையாகாது. ஆற்றுப்படை என்று ஓர் இலக்கிய வகையே அதற்கென உண்டு. பரிசில் பெற்று மீளும் பாணன், எதிரே பசியோடு வரும் மற்றொரு பாணனுக்கு வழி சொல்வான்: இன்ன நாட்டில் இன்ன மன்னன் இருக்கிறான், இவ்வழியே போ, இப்படிப் பாடு, இன்னது கிடைக்கும். ஆண்டுதோறும் இப்பகுதியை வகுப்பில் நடத்துகிறோம். சென்ற பருவத்தில் ஒரு மாணவி எழுந்து, மன்னன் கொடுத்த யானையும் பொன்னும் யாருடைய பொருள் என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. நாமும் இறை, திறை, உல்கு என்று மூன்று சொற்களைக் கரும்பலகையில் எழுதிவிட்டு அடுத்த அடிக்கு நகர்ந்துவிட்டோம். அது விடையன்று என்பது நமக்குத் தெரியும். அவளுக்கும் தெரிந்திருக்கும்.

அக்கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு நம் காலத்துப் புரவலர்களைப் பார்க்கலாம் என்பதே இக்கட்டுரையின் எண்ணம். ஆட்சியில் இருப்பவர் தம்மைச் சார்ந்தவருக்கு உரிமமும் கடனும் வரிவிலக்கும் அளிப்பதும், சார்ந்தவர் அதற்கு ஈடாகப் பணமும் விசுவாசமும் அளிப்பதும் எல்லோரும் அறிந்த செய்தி. ஆனால் அதைப் பற்றிப் பேசும்போது நம்மில் பெரும்பாலோர் ஒரு பாகுபாட்டை வைத்துக்கொள்கிறோம். கொள்கை என்பது ஒன்று. அதைப் படித்தவர்கள் புள்ளிவிவரங்களைப் பார்த்து வகுக்கிறார்கள். ஊழல் என்பது மற்றொன்று. அது பின்னால், ஒப்பந்தம் வழங்கும் மேசையில் வந்து சேர்கிறது, நல்ல பாலில் பிற்பாடு யாரோ ஊற்றிய தண்ணீரைப்போல. இப்பாகுபாட்டில் நமக்கு நம்பிக்கை குறைந்துகொண்டே வருகிறது. புரவலர் பல வேளைகளில் மாட்டுத் தொழுவத்திலேயே நிற்கிறார். எந்த மாட்டை வாங்குவது, அதற்கு எதைத் தீனியாகப் போடுவது என்பதையே அவர்தாம் முடிவு செய்கிறார்.

உதாரணத்துக்கு நம் நாட்டைத் தேடவில்லை. தேடினால் கிடைக்காது என்பதாலா என்று கேட்க வேண்டாம். எதைச் சொன்னாலும் அது எந்தக் கட்சியின் காலத்தில் நடந்தது என்ற சண்டையில் முடிந்துவிடும். சொல்ல வந்த பொருள் காணாமற்போகும். ஆகவே கடல் கடந்து இந்தோனேசியாவுக்குப் போகிறோம். அங்கும் பெரிய விஷயங்களை, எண்ணெயையும் வங்கியையும் விட்டுவிட்டு, நம் அஞ்சறைப் பெட்டியில் கிடக்கும் கிராம்பிலிருந்து தொடங்குகிறோம்.

கிராம்பின் தாயகம் மலுக்குத் தீவுகள். தெர்னாத்தே, திதோரே போன்ற சின்னஞ்சிறு தீவுகளில் மட்டுமே ஒரு காலத்தில் அது விளைந்தது. பதினேழாம் நூற்றாண்டில் வந்த டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விலை சரியக்கூடாது என்பது ஒன்றே கவலை. அம்போனையும் அதைச் சுற்றியுள்ள தீவுகளையும் தவிர வேறெங்கும் கிராம்பு மரம் நிற்கக்கூடாது என்று முடிவு செய்தார்கள். படகுப்படைகள் தீவு தீவாகச் சென்று மரங்களை வெட்டின. 1652இல் தெர்னாத்தே சுல்தான் மந்தர்ஷா தன் ஆட்சிப்பகுதியில் இருந்த மரங்களை அழிக்க இசைந்து ஒப்பமிட்டார். கைம்மாறாக ஆண்டுதோறும் அவருக்கு ஒரு தொகை. மரம் இழந்தவன் குடியானவன், தொகை பெற்றவன் மன்னன். இந்த அமைப்பை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். முந்நூற்று நாற்பது ஆண்டுகள் கழித்து இதே கதை மறுபடியும் வரும்.

டச்சுக்காரர்களின் காவலைத் தாண்டி 1770இல் பியேர் புவாவ்ர் என்ற பிரெஞ்சுக்காரர் கிராம்புக் கன்றுகளை மொரிஷியசுக்குக் கடத்திவரச் செய்தார். அங்கிருந்து அது பிற்காலத்தில் சான்சிபாருக்கும் மடகாஸ்கருக்கும் பரவியது. நம் குற்றாலத்தில் ஆங்கிலேயக் கம்பெனி கிராம்பு நட்டதும் 1800ஐ ஒட்டித்தான். இதற்கிடையே ஜாவாவில் ஒரு புதுப் பழக்கம் தோன்றியிருந்தது. புகையிலையோடு கிராம்புத் தூளைக் கலந்து சுருட்டிப் புகைப்பது. எரியும்போது எழும் சடசடப்பை வைத்து அதற்கு 'கிரெத்தேக்' என்று பெயர். இருபதாம் நூற்றாண்டில் அது பெருந்தொழிலாகி, உலகில் விளையும் கிராம்பில் பெரும்பகுதியை இந்தோனேசியப் புகைப்பவர்களே ஊதித் தள்ளும் நிலை வந்தது. கிராம்பின் தாயகமே சான்சிபாரிலிருந்து கிராம்பை இறக்குமதி செய்ய வேண்டியதாயிற்று.

இனித்தான் நம் கதை. 1965 இறுதியில் தொடங்கிய படுகொலைகளின் மீது, ஐந்து இலட்சம் பேராவது மாண்டிருப்பர் எனப்படும் அந்தப் பிணக்குவியலின் மீது, ஆட்சியைக் கைப்பற்றிய படைத்தலைவர் சுகார்த்தோ 1968இல் முறைப்படி அதிபரானார். அதே ஆண்டில் கிராம்பு இறக்குமதி உரிமை இரண்டே நிறுவனங்களுக்கு வழங்கப்பட்டது. ஒன்று, சுகார்த்தோவின் மாற்றாந்தந்தை வழித் தம்பி புரோபோசுத்தேஜோவுடையது. மற்றொன்று, சுகார்த்தோ மத்திய ஜாவாவில் படை அதிகாரியாக இருந்த நாள்தொட்டு அவருக்குப் பழக்கமான வணிகர் லியெம் சியோ லியோங்கினுடையது. இறக்குமதியை முறைப்படுத்துதல் என்பது கொள்கையின் பெயர். ஒருவர் தம்பி, மற்றவர் பழைய நண்பர் என்பது கொள்கையில் எழுதப்படவில்லை.

எழுபதுகளில் கிராம்பு சாகுபடி ஊக்குவிக்கப்பட்டு, எண்பதுகளில் நாடு தன்னிறைவு அடைந்தது. பிறகு, வேளாண்மையில் வழக்கமாக நடப்பது நடந்தது: விளைச்சல் மிகுந்தது, விலை வீழ்ந்தது. கிராம்பு மரம் காய்ப்புக்கு வரப் பல ஆண்டுகள் ஆகும். விலை ஏறும்போது நட்டவன் விலை சரியும்போது அறுவடை செய்கிறான். குடியானவர்களைக் காக்க ஏதாவது செய்ய வேண்டும் என்பதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமே இல்லை. 1990 இறுதியில் அரசு ஓர் அமைப்பை நிறுவியது. அதன் பெயரைத் தமிழாக்கினால் 'கிராம்புத் தாங்கல் மற்றும் சந்தைப்படுத்தல் வாரியம்' என்று வரும். முட்டுக்கொடுத்துத் தாங்குதல் என்ற பொருள்தரும் சொல்லே அங்கும் இருக்கிறது. புரத்தல்தான்! நாட்டில் விளையும் கிராம்பு முழுவதையும் இவ்வாரியமே வாங்கும். சிகரெட் ஆலைகள் இவ்வாரியத்திடமே வாங்க வேண்டும். நடத்துபவர் அதிபரின் இளைய மகன். 'டாமி' என்று உலகம் அழைத்தாலும் அவரது இயற்பெயர் ஹுத்தோமோ மண்டலா புத்ரா, அதாவது உத்தம மண்டல புத்திரன். அப்போது வயது இருபத்தெட்டு. கிராம்புக் கொள்முதலில் முன் அனுபவம் இல்லை.

மத்திய வங்கி பல்லாயிரங்கோடி ரூபியாவைச் சலுகை வட்டியில் கடனாகக் கொடுத்தது. ஆனால் கூதாங் காராம், ஜாரும் போன்ற சிகரெட் ஆலைகள் தம் கிடங்குகளில் வேண்டிய அளவு கிராம்பை முன்னரே சேர்த்து வைத்திருந்தன. வாரியம் குடியானவரிடம் வாங்கிய விலையைவிட மிக உயர்ந்த விலையில் விற்க முனைந்தபோது ஆலைகள் வாங்க மறுத்தன. வாரியத்திடம் சரக்குக் குவிந்தது, கையில் பணமில்லை. 1992இல் தோல்வியை ஒப்புக்கொண்ட வாரியத் தலைவர் சொன்ன பரிகாரம், உற்பத்தியைக் குறைக்க வேண்டும் என்பது. மரங்களை வெட்டுங்கள் என்று குடியானவர்களுக்கு அறிவுரை சொல்லப்பட்டது. காக்க வந்த வாரியம் டச்சுக் கம்பெனி சொன்னதையே சொன்னது, படகுப்படைதான் வரவில்லை.

பிறகு ஏற்பாடு மாற்றியமைக்கப்பட்டது. கிராமக் கூட்டுறவுகள் கொள்முதல் செய்யும்; வாரியம் அவற்றிடம் வாங்கும். கேட்பதற்கு இன்னும் நன்றாக இருக்கிறது அல்லவா, கூட்டுறவு! குடியானவனுக்கு அறிவிக்கப்பட்ட விலையிலிருந்து 'கட்டாயச் சேமிப்பு' என்று ஒரு பகுதியும், 'கூட்டுறவு மூலதனம்' என்று ஒரு பகுதியும் பிடிக்கப்பட்டன. கைக்கு வந்தது மிச்சம். அந்தச் சேமிப்பைத் திருப்பித் தரும்படி வடசுலாவேசியின் மினஹாசா போன்ற பகுதிகளில் பல ஆண்டுகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பறிக்கும் கூலிகூடக் கட்டாது என்று மரத்திலேயே விட்டார்கள், பராமரிப்பைக் கைவிட்டார்கள், வெட்டியும் போட்டார்கள். 1998இல் வாரியம் ஒழிந்த பிறகு சில ஆண்டுகளிலேயே கிராம்பின் விலை பன்மடங்கு ஏறியது. அதை விற்க மரம் வைத்திருந்தவர்கள்தாம் குறைந்துபோயிருந்தார்கள்.

இலக்கணம் நடத்துகிறவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு, எதைப் பார்த்தாலும் வேற்றுமை உருபைத் தேடுவது. இந்தக் கொள்கை வாசகங்களில் இரண்டாம் வேற்றுமை தாராளமாகக் கிடைக்கிறது: குடியானவரை, விலையை, தேசியத் தொழிலை. நான்காம் வேற்றுமை, கொள்வோனைக் காட்டும் அந்தக் 'கு', தேடினாலும் அகப்படாது. யாருக்கு என்பதை எழுதாமலேயே ஓர் அரசாணையை முழுமையாக எழுதிவிடலாம். புரவலர் எழுதும் கொள்கையின் இலக்கணம் அதுவே. அதை மறுக்க முடியாதபடி அதன் முகப்பு அமைந்திருக்கும். விலைநிலைப்படுத்தலை எதிர்த்தால் குடியானவனை எதிர்த்தவன் ஆவீர்கள். தேசியத் தொழிலை எதிர்த்தால் தேசத்தை எதிர்த்தவன்.

அந்தத் தேசியத் தொழிலும் வந்தது. 1996 பிப்ரவரியில் 'தேசியக் கார்' திட்டம் அதிபரின் ஆணையால் அறிவிக்கப்பட்டது. உள்நாட்டு உதிரிபாகங்களைப் படிப்படியாக, மூன்றாம் ஆண்டில் 60 விழுக்காடு அளவுக்குப் பயன்படுத்துவதாக ஒப்புக்கொள்ளும் முன்னோடி நிறுவனத்துக்கு இறக்குமதித் தீர்வையும் ஆடம்பர வரியும் இல்லை. நல்ல திட்டமே. மலேசியாவுக்கு புரோட்டான் இருக்க, அதைவிடப் பன்மடங்கு பெரிய நாட்டுக்கு ஒரு கார் வேண்டாமா? தேர்வு பெற்றது ஒரே ஒரு நிறுவனம்: 'தீமோர் புத்ரா நேஷனல்', உரிமையாளர் அதே உத்தம புத்திரர். தொழிற்சாலை இன்னும் கட்டப்படவில்லை. அதனால் என்ன? அதே ஆண்டு ஜூனில் மற்றோர் ஆணை வந்தது. ஓராண்டுக்கு 45,000 கார்களைக் கொரியாவிலேயே முழுமையாகச் செய்து தீர்வையின்றி இறக்கிக்கொள்ளலாம். கியா நிறுவனத்தின் செஃபியா என்ற கார், பெயர்ப் பலகையை மாற்றிக்கொண்டு இந்தோனேசியாவின் தேசியக் கார் ஆயிற்று. 1975 முதல் படையால் ஆக்கிரமித்து வைத்திருந்த மண்ணின் பெயரை அதற்குச் சூட்டியிருந்தார்கள் என்பது தனியே எழுத வேண்டிய விஷயம். ஜப்பானும் ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்காவும் உலக வர்த்தக அமைப்பில் வழக்குத் தொடுத்தன. 1998 ஜூலையில் தீர்ப்பு இந்தோனேசியாவுக்கு எதிராக வந்தது. அதற்குள் காரும் இல்லை, அதிபரும் இல்லை.

இதைக் கேட்ட நண்பர் ஒருவர், பொருளாதாரம் கற்பிப்பவர், உடனே சொன்னார்: "உரிம ஆட்சி என்றால் இப்படித்தான். அரசு விலகிக்கொண்டால் புரவலருக்கு வேலையே இருக்காது." அவ்வளவு எளிதாக இருந்திருந்தால் நன்றாயிருக்கும். 1986இல் எண்ணெய் விலை சரிந்தபோது, அமெரிக்காவில் படித்துவந்த விஜோயோ நிதிசாஸ்திரோ, அலி வர்தானா முதலான பொருளியல் அறிஞர்களின் கை ஓங்கியது. 'பெர்க்கிலி மாஃபியா' என்று அவர்களைக் கேலியாகக் குறிப்பதுண்டு. கெட்ட காலத்தில்தான் நல்ல கொள்கை பிறக்கும் என்று அவர்களில் ஒருவரான முகமது சாட்லி சொன்னதாக ஒரு வழக்கே உண்டு. அவர்கள் கட்டுப்பாடுகளைத் தளர்த்தினார்கள். தனியாருக்குக் கதவு திறந்தது. திறந்த கதவுக்கு அப்பால் யார் நின்றார்கள்? 1989இல் தொடங்கிய முதல் தனியார் தொலைக்காட்சி அதிபரின் இரண்டாம் மகன் பம்பாங்குடையது. ஜகார்த்தாவின் சுங்கச் சாலை மூத்த மகள் தூத்தூத்துக்கு. கட்டுப்பாடு இருந்தபோது உரிமம் பரிசிலாயிற்று. தளர்ந்தபோது தளர்வே பரிசிலாயிற்று. இடதும் வலதும் தத்தம் மருந்தைச் சொல்லிக்கொண்டிருக்க, நோய் இரண்டு மருந்தையும் உண்டு வளர்ந்தது.

எனினும் ஒரு மறுப்பை நாம் நேர்மையாக எதிர்கொண்டாக வேண்டும். அதே நண்பரின் இரண்டாவது வாதம் அது. சுகார்த்தோவின் காலத்தில் பொருளாதாரம் ஆண்டுக்குச் சராசரியாக 7 விழுக்காட்டை ஒட்டி வளர்ந்தது. அரசுக் கணக்கின்படி 1976இல் மக்களில் 40 விழுக்காட்டினர் வறுமையில் இருந்தனர். 1996இல் 11 விழுக்காடு. பெரும் அரிசி இறக்குமதியாளராக இருந்த நாடு 1984இல் அரிசியில் தன்னிறைவு கண்டது; மறு ஆண்டு ரோமில் உணவு வேளாண் அமைப்பின் மன்றத்தில் சுகார்த்தோ பெருமிதத்தோடு உரையாற்றினார். இவை பொய்யல்ல. ஊழலற்ற எத்தனையோ ஆட்சிகள் இதில் பாதியும் செய்ததில்லை. அப்படியானால் புரவலர்மையால் என்ன கெட்டுவிட்டது?

இக்கேள்வியில் நாம் வெகுநாள் தடுமாறினோம். எங்கே நல்ல கொள்கை வகுக்கப்பட்டது, எங்கே புரவலர் புகுந்தார் என்று பிரித்துப் பார்த்தபோது ஓரளவு தெளிவு கிடைத்தது. சுகார்னோவின் கடைசி ஆண்டுகளில் அரிசி விலை கட்டுக்கடங்காமல் ஏறி நகரங்கள் கொதித்ததைச் சுகார்த்தோ நேரில் கண்டவர். ஆகவே அரிசிக்கும் உரத்துக்கும் பாசனத்துக்கும் அறிஞர்களின் சொல் எடுபட்டது. அரிசி விலை ஏறினால் ஜகார்த்தாவின் தெருவில் கூட்டம் சேரும். கிராம்பு விலை விழுந்தால் மினஹாசாவின் மலையில் ஒரு குடியானவன் மரத்தை வெட்டுவான், அவ்வளவே. சத்தம் எழும்பாத இடமாகப் பார்த்துத்தான் புரவலர் குடியேறுகிறார். வளர்ச்சிக் கணக்கு அவ்விடத்தைக் காட்டாது. சராசரியில் அது கரைந்துவிடும்.

இந்தப் பரிசிலுக்கு ஒரு விலை போட முடியுமா? ரேமண்ட் ஃபிஸ்மன் என்ற பொருளியலாளர் போட்டுப் பார்த்தார். 2001இல் அமெரிக்கன் எகனாமிக் ரெவ்யூ இதழில் வெளிவந்த அவரது கட்டுரை, நம்மைப் போன்ற இலக்கியக்காரர்களுக்கும் சுவை தருவது. 1995 முதல் 1997 வரை சுகார்த்தோவின் உடல்நலம் பற்றி அவ்வப்போது வதந்திகள் கிளம்பின. 1996 ஜூலையில் அவர் மருத்துவச் சோதனைக்காக ஜெர்மனி சென்றார். அத்தகைய ஒவ்வொரு செய்தியின்போதும் ஜகார்த்தா பங்குச் சந்தை இறங்கியது. ஆனால் எல்லாப் பங்குகளும் ஒரே அளவில் இறங்கவில்லை. அதிபருக்கு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு சரிவு. இதிலிருந்து கணக்கிட்டு, நெருக்கமான நிறுவனங்களின் பங்கு மதிப்பில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அந்த நெருக்கத்தின் மதிப்பே என்ற முடிவுக்கு வந்தார். ஒரு கிழவரின் நாடித்துடிப்பு கம்பெனிக் கணக்கேட்டில் சொத்தாக இருந்திருக்கிறது. புரவலன் இறந்தபின் பாணர் பாடும் கையறுநிலையை நாம் இதுவரை அன்பின் வெளிப்பாடாகவே நடத்தி வந்திருக்கிறோம். பாவம், அந்தப் பாணருக்கு எஞ்சியதெல்லாம் பசி. அதைப் பங்குச் சந்தையோடு ஒப்பிடக்கூடாதுதான்.

திரும்பக் கொடுப்பதும் நடந்தது. சுகார்த்தோவும் அவர் மனைவியும் பல 'யாயாசான்'களை, அதாவது அறக்கட்டளைகளை நடத்தினார்கள். லியெம்மின் பொகசாரி மாவு ஆலைக்கு அரசின் உணவுக் கழகம் கோதுமை கொடுக்கும். ஆலை மாவாக்கித் தரும். அதன் இலாபத்தில் 26 விழுக்காடு அறக்கட்டளைகளுக்கு என்று நிறுவன விதியிலேயே எழுதப்பட்டிருந்தது. அரிசி தின்ற நாடு நூடுல்ஸ் தின்னத் தொடங்கியதற்குப் பின்னால் இந்தக் கோதுமையும் இருக்கிறது. இன்று நம் கடைகளிலும் சில இடங்களில் கிடைக்கும் 'இந்தோமீ' அக்குழுமத்தின் பண்டமே.

நம்மை மிகவும் தொந்தரவு செய்யும் அறக்கட்டளை 'சூப்பர்செமார்'. 1976இல் ஓர் அரசாணை வந்தது. அரசு வங்கிகள் தம் நிகர இலாபத்தில் 5 விழுக்காட்டைச் சமூகப் பணிகளுக்கு ஒதுக்க வேண்டும். அதில் பாதி இவ்வறக்கட்டளைக்கு. அது ஏழை மாணவர்களுக்குக் கல்வி உதவித்தொகை வழங்கியது. உண்மையிலேயே வழங்கியது. அத்தொகையால் படித்து முன்னேறியவர்கள் ஏராளம்; அவர்கள் அதை அதிபர் தந்த கொடை என்றே நினைவில் வைத்திருக்கிறார்கள். உதவித்தொகைப் பட்டியலைத் தயாரிக்கும் வேலை நமக்கும் ஆண்டுதோறும் வருகிறது. பணம் தாமதமானால் எந்தப் பிள்ளை கல்லூரியை விட்டு நிற்கும் என்பது பெயர் பெயராகத் தெரியும். ஆகவே அம்மாணவர்களின் நன்றியைக் கேலி செய்ய நம்மால் முடியாது. ஆனால் அது அரசு வங்கியின் பணம், அதாவது அவர்களுடைய பெற்றோரின் பணம். பொதுப்பணம் அரசுத் துறையின் வழியே வந்திருந்தால் உரிமையாக வந்திருக்கும். அறக்கட்டளையைச் சுற்றிக்கொண்டு வந்ததால் கொடையாக வந்தது. மிச்சப் பணம் எங்கே போயிற்று என்பதையும் பின்னர் நீதிமன்றம் ஆராய்ந்தது. ஒரு வங்கிக்கும், இளைய மகனின் செம்பாத்தி விமான நிறுவனத்துக்கும், நண்பர்களின் கம்பெனிகளுக்கும் போயிருந்தது. 2015இல் உச்ச நீதிமன்றம் ஏறத்தாழ 4.4 இலட்சம் கோடி ரூபியாவைத் திருப்பித் தரும்படி அறக்கட்டளைக்கு உத்தரவிட்டது.

1997இல் தாய்லாந்தில் தொடங்கிய நாணய நெருக்கடி இந்தோனேசியாவை அடைந்தபோது இக்கட்டடம் முழுவதும் ஆட்டங்கண்டது. நெருக்கடிக்குப் புரவலர்மையே காரணம் என்று நாம் சொல்ல மாட்டோம். அண்டை நாடுகளிலும் அடித்த புயல் அது. ஆனால் எங்கும் இல்லாத அளவுக்கு இங்கே கூரை பறந்ததன் காரணம் வேறு. நவம்பர் 1ஆம் நாள் பதினாறு வங்கிகளை மூடியபோது அதிபரின் மகன் பம்பாங் பங்கு வைத்திருந்த வங்கியும் அதில் இருந்தது. நிதியமைச்சரின் துணிவை உலகம் பாராட்டியது. சில நாட்களில் மகன் வேறொரு சிறு வங்கியை வாங்கி, பழைய வங்கியின் தொழிலை அதற்கு மாற்றிக்கொண்டார். அவ்வளவே, இனி இந்த அரசு சொல்லும் எந்தக் கொள்கைக்கும் மதிப்பில்லை என்று சந்தை முடிவு செய்துவிட்டது. 1997 நடுவில் டாலருக்கு 2,400ஐ ஒட்டி இருந்த ரூபியா, 1998 ஜனவரியில் 10,000ஐத் தாண்டி வீழ்ந்தது.

அந்த ஜனவரி 15ஆம் நாளின் புகைப்படம் பலருக்கும் நினைவிருக்கும். சுகார்த்தோ குனிந்து கையெழுத்திடுகிறார். பன்னாட்டு நிதியத்தின் தலைவர் மிஷேல் காம்தெஸ்யூ கைகளைக் கட்டிக்கொண்டு, பள்ளி ஆசிரியரைப்போல மேலிருந்து பார்க்கிறார். அந்தப் படத்தைக் கண்டு கூசாத ஆசிய மனம் இருக்க முடியாது. ஆயினும் ஒப்பமிட்ட தாளில் என்ன இருந்தது என்று படித்தால் கூச்சம் வேறு திசைக்குத் திரும்புகிறது. கிராம்பு வாரியத்தை ஜூனுக்குள் ஒழிக்க வேண்டும். தேசியக் காரின் சலுகைகள் ரத்து. ஒட்டுப்பலகை ஏற்றுமதிக் கூட்டமைப்பின் பிடி தளர வேண்டும். பேரரசர் வீட்டுப் பிள்ளைகளின் பெயர்களைச் சொல்லாமல், அவர்களுடைய பண்டங்களின் பெயர்களைச் சொன்ன பட்டியல் அது. நிதியத்தின் மற்ற மருந்துகள் பல நோயாளியை மேலும் வதைத்தன என்பதை அதன் நண்பர்களே பின்னர் எழுதினார்கள். கிராம்பைப் பற்றி அது சொன்னதை ஜகார்த்தாவின் பொருளியல் அறிஞர்கள் ஏழாண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள், கேட்க ஆளில்லை. நாட்டின் சொந்த அறிவு வாயிலிலேயே நிற்க, அயலான் வந்து அதையே அவமானமாகச் சொல்லும்வரை காத்திருக்க நேர்ந்தது.

அடுத்த மார்ச்சில் புது அமைச்சரவை அமைந்தது. ஒட்டுப்பலகைக் கூட்டமைப்பை நடத்தியவரும் அதிபரோடு கோல்ஃப் ஆடுபவருமான பாப் ஹசான் வர்த்தக, தொழில் அமைச்சர். மூத்த மகள் சமூகநலத் துறை அமைச்சர். இடையில் நின்ற திரையும் விலகி, கொள்கை வகுப்பவரும் பரிசில் பெறுபவரும் ஒருவரே ஆயினர். மே 21இல் சுகார்த்தோ பதவி விலகினார். அந்த ஆண்டு நாட்டின் உற்பத்தி ஏறத்தாழ 13 விழுக்காடு சுருங்கியது. சரிந்த வங்கிகளைத் தூக்கி நிறுத்தியதில் மத்திய வங்கி கொடுத்த அவசரக் கடன் மட்டும் 144 இலட்சம் கோடி ரூபியாவுக்கு மேல். அதில் மிகப் பெரும்பகுதி முறைகேடாகப் பயன்படுத்தப்பட்டது என்று அரசுத் தணிக்கையே 2000இல் கூறியது. அக்கடனின் வட்டியை வரவுசெலவுத் திட்டத்தின் வழியே கட்டியவர்களில், கிராம்புக்குப் பிடித்தம் கொடுத்தவனும் ஒருவன்.

புரவலர்களுக்கு என்ன ஆயிற்று என்று கேட்கலாம். சுகார்த்தோவை உடல்நலக் காரணத்தால் 2000இல் விசாரணையிலிருந்து விடுவித்தார்கள், 2008இல் மறைந்தார். இளைய மகன், தமக்கு எதிராகத் தீர்ப்பளித்த நீதிபதியின் கொலையில் குற்றவாளி எனத் தீர்க்கப்பட்டு 2002இல் பதினைந்தாண்டுத் தண்டனை பெற்று, 2006இல் வெளியே வந்தார். தேசியக் கார் நிறுவனத்தின் நிலுவைக்காக, கரவாங்கில் தொழிற்சாலைக்கென ஒதுக்கியிருந்த 124 ஹெக்டேர் நிலத்தை அரசு 2021 நவம்பரில் பறிமுதல் செய்தது. கால் நூற்றாண்டு கழித்து.

2025 நவம்பர் 10ஆம் நாள், சுகார்த்தோவின் முன்னாள் மருமகனும் இன்றைய அதிபருமான பிரபோவோ, மாமனாருக்குத் 'தேசிய வீரர்' பட்டம் அளித்தார். அன்று பட்டம் பெற்ற பத்துப் பேரில் மார்சினா என்ற பெயரும் இருந்தது. கிழக்கு ஜாவாவில் ஒரு கைக்கடிகார ஆலையில் வேலை செய்த பெண். தொழிலாளர் ஊதியத்தை உயர்த்துங்கள் என்று மாநில ஆளுநர் வெளியிட்ட சுற்றறிக்கையை நடைமுறைப்படுத்தக் கேட்டு 1993 மே மாதம் வேலைநிறுத்தத்தில் நின்றாள். சில நாட்களில் வதைக்கப்பட்ட சடலமாகக் கிடைத்தாள். அந்தச் சுற்றறிக்கையும் அரசின் கொள்கையே. அதற்குப் புரவலர் எவரும் இல்லை. நாளொன்றுக்கு 1,700 ரூபியா என்றிருந்த கூலியை 2,250 ஆக்கும்படி அவள் கேட்டிருந்தாள்.